கொய்யகம் பின்னால் வைத்த சாரம்

பொரளைச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பாடசாலையின் பழைய மாணவன் என்ற ஒரே தகுதியை முன்னிட்டு, அங்கே புதிதாக அமையவிருக்கும் பைப் பாண்ட் வாத்தியக் குழுவுக்கு உடை தெரிவு செய்யும் உபகுழுவில் என்னையும் ஓர் அங்கத்தவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல எண்ணத்தோடு நடக்கும் ஒரு காரியத்தை நான் பத்திரிகையில் இழுத்துப் போட்டதாக எவரும் மனத்தாங்கல் கொள்ளக்கூடாது. வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் சிலரின் உபகாரத்தால் வாத்தியங்கள் வந்து சேர்ந்துவிட்டன. மாலைப் பயிற்சியின்போது, 154 ஆம் இலக்க பஸ்ஸுக்காக வீதியோரம் காத்து நிற்பவர்கள் அந்தப் புதுச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று திரும்பிப் பார்க்கவும் தொடங்கிவிட்டார்கள். மிச்சமிருந்தது உடை ஒன்றுதான். அதற்காகக் கூட்டப்பட்ட முதற் கூட்டத்தில் மேசைமீது விரித்து வைக்கப்பட்டிருந்தது, பாகிஸ்தானின் சியால்கோட் நகரத்திலிருந்து வந்த ஒரு வர்ணப் புத்தகம். உதைபந்துக்கும் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்கும் பேர்போன அந்த நகரம்தான், ஸ்கொட்லாந்தின் பைப் வாத்தியங்களையும் அவற்றை ஊதுவோரின் உடுப்புகளையும் உலகத்துக்கெல்லாம் தைத்தும் கடைந்தும் அனுப்பிக்கொண்டிருக்கிறது என்ற விஷயம் எனக்கு அன்றுதான் தெரியவந்தது.

புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஓர் ஆள் நின்றான். தலையில் தீக்கோழி இறகு வைத்துக் கட்டிய ஒரு முழ உயரமான கறுப்புத் தொப்பி. உடம்பை இறுக்கிப் பிடித்த கம்பளிச் சட்டை. தோளிலிருந்து சரிந்து தொங்கும் கட்டம்போட்ட போர்வை. இடையிலே எட்டு யார் கம்பளியைக் கொய்து கட்டிய கில்ட். அதன் முன்னால் குதிரைமயிர்க் குஞ்சங்கள் ஆடும் ஒரு தோற்பை. முழங்கால் மட்டும் தடித்த காலுறை. அந்தக் காலுறையின் விளிம்பில் செருகிய ஒரு சிறு கத்தி. சப்பாத்தின்மேல் வெள்ளை உறை. பக்கத்தில் பெரிய முரசைச் சுமந்து நின்றவன், இத்தனையும் போதாவென்று, மார்பிலும் முதுகிலும் ஒரு சிறுத்தைத் தோலையும் போர்த்தியிருந்தான். குழுவின் பொருளாளர் அந்தப் படத்தின்மேல் விரலை வைத்து, "செய்வதென்றால் அசலாகவே செய்யவேண்டும்" என்றார். வருஷம் முழுவதும் இருபத்தேழு இருபத்தெட்டுப் பாகை வெப்பமும், சட்டையை முதுகோடு ஒட்டவைக்கும் கடற்காற்றின் ஈரமும் உள்ள கொழும்பில், மாசி மாதத்து விளையாட்டுப் போட்டியன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இந்தக் கோலத்தில் மைதானத்தை இரண்டு சுற்று வரவேண்டும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் அபிப்பிராயத்தை அங்கேயே சொல்லிவிட்டேன். வாத்தியம் அந்நியமானது என்பதற்காக அதை வேண்டாமென்று தள்ளுகிறவன் நான் அல்லன்; ஆனால் அதை ஊதும் பிள்ளைக்கு வேண்டிய உடை, அப்பிள்ளையின் மூச்சையும், அது நிற்கும் மண்ணின் வெயிலையும், அந்த மண் இன்னும் மறவாதிருக்கும் சில காரியங்களையும் கணக்கில் எடுத்து, இங்கேயே நெய்து இங்கேயே தைக்கப்படவேண்டும். இதைச் சொன்னவுடன் இளைஞரான ஓர் அங்கத்தவர், "அப்படியென்றால், சேர், ஆனந்த குமாரசுவாமியின் கட்சியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

கேள்வி வேடிக்கைக்காகக் கேட்கப்பட்டதாயினும் அதில் விஷயம் இருந்தது. 1877 இல் இதே கொழும்பில் கொள்ளுப்பிட்டியிலே பிறந்த குமாரசுவாமி, 1905 இல், தேசத்து உடையைக் கழற்றி எறிந்து ஐரோப்பிய உடைக்கு மாறும் நம்மவரின் மோகத்தைக் கண்டு மனம் நொந்து, இரவல் இறகுகள் என்று பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு பிரசுரத்தைக் கண்டியிலே அச்சிட்டு வெளியிட்டார்; அதே ஆண்டிலே தோன்றிய இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்துக்கும் அவரே தலைவர். அந்தப் பெரியவர் இன்றிருந்தால் உடையோடு வாத்தியத்தையும் சேர்த்தே துறைமுகத்துக்குத் திருப்பி அனுப்பியிருப்பார் என்பது என் ஊகம். அவ்வளவு தூரம் அவரோடு நடக்க என் கால்கள் மறுக்கின்றன. ஆனால் அந்தத் தலைப்பை நினைத்துக்கொண்டு மேசைமீதிருந்த தீக்கோழி இறகுத் தொப்பியைப் பார்த்தபோது, ஸ்கொட்லாந்தின் குளிர் மலைகளில் எந்தக் காலத்தில் தீக்கோழி மேய்ந்தது என்ற கேள்வி எழாமல் இருக்கவில்லை.

அசல் என்ற சொல்லை நாம் எவ்வளவு தாராளமாக வழங்குகிறோமோ, அவ்வளவு தாராளமாக அதற்குச் சரித்திரம் ஆதரவு தருவதில்லை. 1746 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் போட்டு ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் உடையைத் தடை செய்தது. அரசனுக்காகச் சண்டைபோடும் படைவீரருக்கு மட்டும் விலக்கு அளித்தது. அத்தடை 1782 இல் நீங்கியது. நாற்பது வருஷம் கழித்து, 1822 இல், நான்காம் ஜோர்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு விஜயம் செய்தபோது, நாவலாசிரியர் வால்டர் ஸ்கொட் முன்னின்று நடத்திய அந்த வரவேற்பு வைபவத்தில்தான், ஒரு தலைமுறைக்கு முன்பு குற்றமாயிருந்த உடுப்பு தேசிய உடையாக மகுடம் சூடியது. நாம் இன்று காணும் குட்டைக் கில்ட்டே ஓர் ஆங்கிலேய இரும்பாலை முதலாளியின் கைவேலை என்று சாதிக்கும் சரித்திராசிரியரும் உண்டு. அதைக் கோபத்தோடு மறுப்பவரும் உண்டு. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நம்முடைய தீவோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தியை மட்டும் சொல்லாமல் விடமுடியாது. 1817 ஆம் 1818 ஆம் ஆண்டுகளில் ஊவாக் கலகத்தை அடக்க ஏவப்பட்ட பிரித்தானியப் படைகளுள் 73 ஆம் பிரிவு ஒன்று. ஸ்கொட்லாந்து மலைநாட்டுப் படையாகப் பிறந்த அது 1814 இல் இலங்கைக்கு வந்தபோது காற்சட்டையோடுதான் வந்தது. ஏனெனில், கில்ட்டைக் கண்டு பிற பிரதேசத்து வாலிபர் படையில் சேரத் தயங்குகிறார்கள் என்று காரணம் காட்டி, 1809 இல் அதனிடமிருந்தும் வேறு ஐந்து பிரிவுகளிடமிருந்தும் அந்த உடையை அரசாங்கமே கழற்றிவிட்டது. ஆள் சேராத சங்கடத்துக்காக உடைக்குச் சொந்தக்காரரே அதை மாற்றிக்கொண்டார்கள். வியர்வையில் நனையும் பிள்ளைகளுக்காக நாம் மாற்றினால் எந்தச் சம்பிரதாயம் கெட்டுவிடப்போகிறது?

மூச்சைப் பற்றிச் சொன்னேன். அதைச் சற்று விளக்கவேண்டும். பைப் வாத்தியத்தில் விரல்கள் ஓடுவது ஒன்பது சுரங்களுக்குமேல் இல்லாத ஒரு குழலில். தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று நீண்ட குழாய்கள் விடாமல் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். நம் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவர் செய்யும் வேலையை அந்த மூன்று மரக்குழாய்கள் செய்கின்றன. ஆட்டுத்தோலில் காற்றடைத்துச் சுருதி கொடுக்கும் துத்தி என்ற கருவி தென்னாட்டிலும் இருந்ததென்பதால், இந்த யுக்தி நமக்கு முற்றிலும் புதிதன்று. ஊதுகிறவன் பையில் காற்றை நிரப்பி, இடது முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் வைத்து ஒரே சீராக அழுத்திக்கொண்டிருக்கவேண்டும். ஒரு கணம் பிடி தளர்ந்தால் சுரம் முனகத் தொடங்கிவிடும். கம்பளிச் சட்டையின் கைப்பொருத்து இறுகிப் பிடித்தால் அந்த இடது கை எப்படி அசையும்? மேலும், வெயிலேற ஏறக் குழலின் சுருதியும் ஒத்துக் குழாய்களின் சுருதியும் ஒரே அளவில் ஏறுவதில்லை. நிழலில் சேர்த்துவைத்த சுருதி மைதானத்தின் நடுவில் பிரிந்துபோகும். உலகப் போட்டிகளில் ஊதலுக்கு இருவர், முரசுக்கு ஒருவர், குழு முழுவதன் இசைவுக்கு ஒருவர் என்று நடுவர் அமர்கிறார்களே தவிர, குஞ்சத்துக்கும் கொண்டைக்கும் மார்க்குப் போட ஒருவரும் அமர்வதில்லை.

இனி, சொல்லக் கூச்சமாயிருந்தாலும் சொல்லவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பைப் பாண்டின் உடை படையணியின் உடையிலிருந்து பிறந்தது. தோட்பட்டைப் பட்டி, மார்புக்குக் குறுக்கே செல்லும் வார், இடுப்பிலும் காலுறையிலும் கத்தி, எல்லாம் அந்த வழி வந்தவை. வேறொரு நகரத்தில் அது வெறும் அலங்காரமாக இருக்கலாம். பொரளையில் அப்படியன்று. 1983 ஜூலை 24 ஆம் திகதி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று படைவீரரின் இறுதிச் சடங்குக்காகக் கனத்தை மயானத்தில் கூடிய கூட்டத்திலிருந்து கிளம்பி, அன்றிரவே பொரளையில் பற்றி, பிறகு நகரமெங்கும் பரவிய தீயை நேரிற் கண்டவர்கள் இன்னும் இந்த வீதிகளில் நடமாடுகிறார்கள். அதற்குப் பிந்திய இருபத்தாறு வருஷங்களில் சீருடை என்ற சொல்லே, தமிழ்த் தாய் தகப்பன்மாருக்கு, வீதித் தடையில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற நேரங்களை நினைவூட்டும் ஒரு சொல்லாகிவிட்டது. தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ஊதவிருக்கும் ஒரு குழுவுக்கு, படைக்கோலம் வேண்டாம் என்று நான் கேட்பது இதனால்தான். சிறுத்தைத் தோலைப் பற்றி, அது செயற்கைத் தோலேயானாலும், நான் நீட்டிச் சொல்லப்போவதில்லை. கொழும்பு நகரத்தில் ஒரு தமிழ்ப் பையனின் முதுகில் புள்ளிபோட்ட தோலைப் போர்த்தி ஊர்வலம் விட்டால், அதைச் சிறுத்தை என்று எல்லாரும் சரியாக இனங்கண்டுகொள்வார்கள் என்பதற்கு யார் உத்தரவாதம்? இந்த ஒரு வாதத்தை மட்டும் குழு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. கத்தியும் அதோடு போயிற்று.

கில்ட் போகவில்லை. அதற்கு ஒரு பிள்ளையின் வார்த்தையே காரணம். மாதிரிக்கென்று கிடைத்த ஒரு பழைய கில்ட்டை முரசு அடிக்கும் மாணவி ஒருத்தி தன் வெள்ளைச் சீருடைக்குமேல் சுற்றிப் பார்த்தாள். அவளுடைய பாட்டன் பாட்டி தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தார். "எங்க பாட்டி கொழுந்தெடுக்கப் போகையில இடுப்புல கட்டுற படங்கு மாதிரியே இருக்கு, சேர்" என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்த வார்த்தை என்னை விடவில்லை. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்து வாலிபர் 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டார்; அவருடைய தேசத்துத் துரைமார் தாம் விட்டுவந்த ஊர்களின் பெயர்களை நம் மலைகளுக்குச் சூட்டிக்கொண்டே போனார்கள்: டன்சினன், ஹோலிரூட், பெல்மோரல், கிளன்லயன். அந்தப் பெயர்களையே முகவரியாகக் கொண்டு லயத்து அறைகளில் நாலு தலைமுறை பிறந்து வளர்ந்தது. துரையின் ஊர்ப் பெயரைச் சுமந்தவர்களின் பேத்தி துரையின் குலத்துக் கட்டத்தையும் சுமக்கவேண்டுமா, அல்லது பாட்டியின் படங்கை நினைத்துக்கொண்டு தனக்கென்று ஒரு கட்டத்தைச் சுற்றிக்கொள்ளலாமா?

குலத்துக் கட்டம் என்று சொன்னது சும்மா அல்ல. பாடசாலைக்குப் பக்கத்தில் கெம்பல் மைதானம் இருக்கிறபடியால், கெம்பல் குலத்தாரின் கரும்பச்சையும் நீலமும் கலந்த டார்ட்டனையே எடுத்துக்கொண்டால் பொருத்தமாயிருக்கும் என்று ஒருவர் பிரேரித்தார். யோசனை சாதுரியமானதுதான். ஆனால் அந்தக் கட்டமும் பிளாக் வாட்ச் என்ற படைப்பிரிவின் கட்டமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வாசல் வழியாக அனுப்பிய பட்டாளத்தை ஜன்னல் வழியாக உள்ளே எடுத்ததாகிவிடும் என்று நான் சொன்னேன்.

பிறகு அந்தக் கில்ட்டைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு, சந்திக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் நாற்பது வருஷமாக மெஷின் மிதிக்கும் தையற்காரர் ஒருவரிடம் போனேன். ஏறக்குறைய இரண்டு கிலோ பாரம் இருக்கும் அந்தப் பொதியை அவர் கையில் ஏந்தி நிறுத்துப் பார்த்தார். மேசையில் குப்புற விரித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மடிப்பு மடிப்பாக விரலால் பிரித்து எண்ணினார். இருபத்தேழு. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மடித்த இடத்திலெல்லாம் கட்டம் வெட்டுப்படாமல், மடிப்பே இல்லாத துணிபோல முழுக்கட்டமாகத் தொடர்ந்து ஓடுவதை அப்போதுதான் நானும் கண்டேன். ஒவ்வொரு மடிப்பிலும் எந்தக் கோடு உள்ளே போகவேண்டும், எந்தக் கோடு வெளியே தெரியவேண்டும் என்று கணக்கிட்டுக் கொய்திருக்கிறான் எங்கோ இருந்த ஒரு கைவினைஞன். "நல்ல கைகாரன்" என்றார் அவர். பிறகு, கில்ட்டை நிமிர்த்தித் தம் இடுப்புக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "இதென்ன சேர், கொய்யகத்தைப் பின்னால வெச்சுக் கட்டின சாரம்தானே!" என்றார்.

எங்கள் குழு மூன்று கூட்டங்களில் கண்டுபிடியாததை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சாரம் என்றால் நெசவு. கட்டம்போட்ட சாரத்து நெசவு என்றால் கிழக்கே மருதமுனை. தறிச் சத்தம் இன்னும் ஓயாத அந்த ஊரில், டார்ட்டன் என்று சொல்லும் இந்தக் கட்டத்தை நெய்யமுடியாதென்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். டார்ட்டனின் இரகசியம் பெரிதல்ல: பாவில் எந்த நிறம் எத்தனை இழை என்ற வரிசை உண்டோ, அதே வரிசை ஊடையிலும் வரவேண்டும்; அப்போது ஒரே நிறம் தன்னைத் தானே சந்திக்கும் இடத்தில் திண்ணமான சதுரமும், இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் பாதிப் பாதி கலந்த சதுரமும் விழும். ஊடை இழை இரண்டு பாவிழைக்கு மேலும் இரண்டுக்குக் கீழுமாக ஓடி, வரிக்கு வரி ஓரிழை தள்ளிப் போவதால் துணி முழுவதும் மெல்லிய சாய்வரி தெரியும். நம் சாரத்தின் நெசவில் அது இல்லை, ஒன்று மேல் ஒன்று கீழ்தான். சாய்வரி இல்லாவிட்டால் என்ன? பருத்தியில், பாடசாலையின் நிறங்களைக் கொண்டு, நமக்கென்று ஒரு கட்டம். அசலுக்கு முத்திரை வேண்டுமென்று துடிப்பவர்களுக்கும் வழி உண்டு. ஸ்கொட்லாந்தின் பாராளுமன்றம் 2008 இல் இயற்றிய சட்டப்படி 2009 முதல் அங்கே ஒரு டார்ட்டன் பதிவேடு இயங்குகிறது. உரிய காரணமும் கட்டணமும் இருந்தால் எந்த நாட்டாரும் தம் புதுக் கட்டத்தை அதில் பதிந்துகொள்ளலாம்.

இது வெறும் சுதேசிப் பிடிவாதம் என்று நினைக்கவேண்டாம். இந்த வாத்தியத்தை எடுத்துக்கொண்ட தேசத்தார் பலர் தம் தலையைத் தம்முடையதாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜோர்தானியப் படையின் பைப்காரர் அரபுத் தலைத்துணியோடு ஊதுகிறார்கள். தில்லியில் குடியரசு விழாவின் நிறைவுக்கு ஜனவரி 29 ஆம் திகதி அணிவகுக்கும் இந்தியப் படையின் பைப் குழுக்களில், தலைப்பாகையும் காற்சட்டையும் அவர்களுடையவை, தோட்போர்வையின் கட்டம் மட்டும் ஸ்கொட்லாந்துடையது. கோலாலம்பூரில் சீக்கிய இளைஞர்கள் 1986 இல் தொடங்கிய ஸ்ரீ தஸ்மேஷ் பைப் பாண்ட், கில்ட்டுக்கு மேல் தம் சமயாசாரமான தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே கிளாஸ்கோ போய், 2019 இல் உலகப் போட்டியில் தமது தரப்பிரிவில் முதலிடம் பெற்றுத் திரும்பியது.

பொருளாளர் இன்னும் ஓர் ஆட்சேபம் வைத்திருந்தார்: பருத்திச் சாரத்தைக் கட்டி நிறுத்தினால் பார்ப்பவர்கள் மேளகாரக் கூட்டம் என்று நினைத்துவிடுவார்கள் என்றார். அந்த வார்த்தையில் இருந்த இளக்காரம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. மேளகாரர் உடைக்கு என்ன குறை? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி போட்டுக்கொண்டார், வைரம் மின்ன மின்ன நாகஸ்வரம் வாசித்தார். சபையோர் விதிக்கும் கோலத்தில் அல்லாமல் தாம் விரும்பிய கோலத்தில் வந்து நிற்பது வித்துவானின் கௌரவம் என்று அவர் நிலைநாட்டினார். அளவெட்டி நாகஸ்வர வித்துவான் பத்மநாதன் வெறும் வேட்டி சால்வையோடு மேடையில் அமர்ந்தபோது, அந்த வெள்ளைத் துணிக்கு எந்தப் பதக்கமும் ஈடாகவில்லை. ஒருவர் அந்நிய உடுப்பை எடுத்தார், மற்றவர் எடுக்கவில்லை. இருவரும் தாமே தீர்மானித்தார்கள். எங்கள் குழுவில் இதுவரையில் ஊதப்போகிற பிள்ளைகளை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது இதை எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆகவே என் பிரேரணை இவ்வளவுதான்: கழுத்துத் திறந்த, இடது கைப்பொருத்துத் தாராளமாய் வெட்டிய வெள்ளைப் பருத்திச் சட்டை, எட்டு யாருக்குப் பதிலாக நாலு யாரில், இடுப்புவரை மடிப்பைத் தைத்துப் பிடித்த பருத்திக் கில்ட், கிளெங்கரி என்று சொல்லும் படகு வடிவத் தொப்பியோ, அவரவர் வீட்டு வழக்கப்படி தலைத்துணியோ தொப்பியோ, எதுவானாலும் ஒரே நிறத்தில், குட்டைக் காலுறை, பாடசாலைக்குப் போடும் அதே கறுப்புச் சப்பாத்து. காலைக் காட்ட விரும்பாத பிள்ளைக்கு அதே துணியில் கணுக்கால் மட்டும் நீட்டித் தைத்துவிட்டால் போயிற்று. சாரத்தின் இயல்பான நீளம் அதுதானே.

இடைஞ்சல் இல்லாமல் இல்லை. பருத்தியில் மடிப்பு நிற்காது என்று தையற்காரர் முன்கூட்டியே எச்சரித்தார். கஞ்சி போட்டு அழுத்தினாலும் மழையொன்று பெய்தால் கொய்யகம் குலைந்துவிடுமாம். சென்ற வாரம், மருதமுனைக்குப் போய்வந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்து தந்த இரண்டு முழ மாதிரித் துணியை அவரிடம் கொடுத்தேன். சிவப்பும் கருநீலமும் வெள்ளையும், பார்வைக்கு இலட்சணமான கட்டம். அவர் ஒன்றும் பேசாமல் அதில் ஒரு சாண் வெட்டி, கடை வாசலிலிருந்த வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, மேசைமேல் விரித்தார். வெள்ளைக் கோடெல்லாம் இளஞ்சிவப்பாகியிருந்தது. "சாயம் பிடிக்கல்ல, சேர்" என்றார். "வேற துண்டு ஒண்டு எடுப்பியுங்க. அதுக்குள்ள கூட்டத்தை வெச்சுடாதீங்க."

கூட்டம் வருகிற சனிக்கிழமை என்று ஏற்கெனவே கடிதம் வந்துவிட்டது.